ஒரே அடியில் முடிந்த ஆட்டங்கள்: வாசகர் கேள்வி–பதில்

பேஸ்பால் ஆட்டத்தை அந்த நொடியிலேயே முடித்துவிடும் ஹோம் ரன்களை (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டு, பேஸ் எனும் நான்கு நிலைகளையும் சுற்றி ஓடி வரும் அடிகளை)ப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சில வரிகளுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வந்தவை அவற்றில் பல. சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் என் தம்பி, 2024இல் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரன்னைப் பார்த்து மைதானத்திலேயே அழுதுவிட்டதாகச் சொல்கிறான். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து வெல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: கிரிக்கெட்டின் ஒருநாள் ஆட்டத்திலும் இருபது ஓவர் ஆட்டத்திலும் பந்துகளுக்குக் கணக்கு உண்டு, எதிரணி அந்தக் கணக்கை ஓட்டிக் கடத்திவிட்டால் வென்றுவிடலாம். பேஸ்பாலில் அப்படிக் கடத்துவதற்கு எதுவும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ், சமநிலையானால் அதற்கு மேலும் ஆடுவார்கள்; ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்கியே தீர வேண்டும். கடைசி ஆள் அவுட் ஆகும்வரை பின்தங்கிய அணிக்கு வழி திறந்தே இருக்கும். சொந்த ஊர் அணிதான் எப்போதும் இரண்டாவதாக மட்டை பிடிக்கும் என்பதால், ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன்னை அந்த அணி மட்டுமே அடிக்க முடியும். 2018 மார்ச் 18 அன்று தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரைக் கண்டு நாம் இங்கே வீட்டில் துள்ளினோம். அது நடந்தது கொழும்பில். பேஸ்பாலிலோ அந்த அடி, வேர்ல்டு சீரிஸ் (நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குக் கோப்பை தரும் இறுதித் தொடர்) பொதுவான ஊரில் நடந்த 2020 போன்ற ஆண்டைத் தவிர்த்தால், சொந்த ஊர் மக்களின் கண்முன்னால்தான் விழுகிறது.

தங்கள் தம்பி அழுததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2024 அக்டோபர் 25 அன்று வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர்ஸ் அணி 2–3 என்று பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸ்களிலும் ரன்னாக ஓடி வரக் காத்திருக்கும் சக வீரர்கள். கணுக்கால் சுளுக்கோடு ஆடிவந்த ஃப்ரீமன், நெஸ்டர் கோர்ட்டெஸ் வீசிய முதல் பந்தையே வலப்புறப் பார்வையாளர் பகுதிக்குள் அனுப்பினார். மூன்று பேஸ்களும் நிறைந்திருக்கையில் வேர்ல்டு சீரிஸ் ஆட்டத்தை முடித்த முதல் ஹோம் ரன் அது. சக வீரர்களின் ஆரவாரத்திலிருந்து விடுபட்டதும் அவர் நேராக ஓடியது, வலைக்குப் பின்னால் நின்றிருந்த தம் தந்தையிடம். பத்து வயதில் தாயை இழந்த ஃப்ரீமனுக்குச் சிறு வயதிலிருந்து பந்து வீசிப் பழக்கிவிட்டவர் அந்தத் தந்தைதான். இதை அறிந்த ரசிகர்களுக்கு, அன்றைய வெற்றியை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அதே மைதானத்தில் 1988 அக்டோபர் 15 அன்று கர்க் கிப்சன் அடித்ததையும் தங்கள் தம்பியின் பக்கத்து இருக்கைப் பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். இரண்டு கால்களிலும் காயம் என்பதால் கிப்சன் அன்று ஆடவே மாட்டார் என்றிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்தங்கி, இரண்டு பேர் அவுட் ஆகி, பேஸில் ஒரு சக வீரர் நின்ற நிலையில், அவர் நொண்டியபடி வந்து நின்றார். எதிரில், ஆட்டத்தின் கடைசியில் வந்து வெற்றியைக் காக்கும் முடிப்பு வீச்சாளர்களில் அன்றைய தலைசிறந்தவரான ஓக்லண்டின் டென்னிஸ் எக்கர்ஸ்லி. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக், அதாவது இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட் என்ற நிலை வந்தபோது, இடக்கை மட்டையாளர்களுக்கு அந்தக் கட்டத்தில் எக்கர்ஸ்லி வெளிப்புறத்திலிருந்து உள்ளே திரும்பும் ஸ்லைடரைத்தான் வீசுவார் என்று எதிரணி வீரர்களை நோட்டமிட்டுச் சொல்லும் மெல் டிடியர் என்ற கண்காணிப்பாளர் சொல்லியிருந்தது கிப்சனுக்கு நினைவு வந்தது. அதே பந்து வந்தது. பெரும்பாலும் கைகளின் வலுவாலேயே அதை வேலிக்கு அப்பால் தள்ளினார். அந்த ஒளிப்பதிவில், பந்து போகும் திசைக்கு அப்பால், தோல்வி உறுதி என்று கிளம்பிவிட்ட ரசிகர்களின் கார்ப் பின்விளக்குகள் தெரிகின்றன. அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் முழுவதிலும் கிப்சன் மட்டை பிடித்தது அந்த ஒரு முறைதான்.

கேள்வி: இத்தகைய அடிகளில் எதைத் தாங்கள் முதலிடத்தில் வைப்பீர்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பென்னாகரம்

பதில்: பெரும்பாலோர் 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் பாபி தாம்சன் அடித்ததைச் சொல்வார்கள். ஆகஸ்டு மாதத்தில், அப்போது புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸுக்குப் புள்ளிப்பட்டியலில் 13½ ஆட்டங்கள் பின்தங்கியிருந்த ஜயண்ட்ஸ் அணி, கடைசியில் சமநிலைக்கு வந்து, முடிவு காண நடந்த மூன்று ஆட்டங்களில் கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் 2–4 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து அந்த ஓர் அடியால் 5–4 என வென்றது. ஆயினும் என் தேர்வு 1960 அக்டோபர் 13. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பில் மாஸெரோஸ்கி, வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தை ஹோம் ரன்னால் முடித்த ஒரே வீரர் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அந்தத் தொடர் முழுவதிலும் எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் 55 ரன் எடுத்தது, பைரேட்ஸ் 27 ரன்தான் எடுத்தது. எனினும் கோப்பை பிட்ஸ்பர்க்குக்குச் சென்றது. மாஸெரோஸ்கியும் அடித்து நொறுக்கும் வீரர் அல்லர். தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர்.

அதைவிட என்னை ஈர்ப்பது பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அந்த நாளைப் போற்றிவரும் விதம். அந்த ஆட்டம் நடந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம் 1970இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. வெளிச்சுவரின் ஒரு பகுதியும் கொடிமரமும் மட்டும் இன்றும் நிற்கின்றன. 1985 அக்டோபர் 13 அன்று, ஒரு ரசிகர் தனியாக அந்தச் சுவரடியில் போய் உட்கார்ந்து, ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிநாடாவில் முதலிலிருந்து கேட்டார். பிறகு ஆண்டுதோறும் ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போதும் அந்நாளில் கூடி, ஆட்டம் தொடங்கிய நேரத்தில் ஒலிப்பதிவைத் தொடங்குகிறார்கள். பந்து சுவரைத் தாண்டிய பிற்பகல் 3.36 மணிக்கே பதிவிலும் பந்து தாண்டுகிறது. மட்டையாளர் நின்று அடித்து, ஓடி வந்து முடிக்கும் இடமான ஹோம் ப்ளேட்டின் தகடு, பக்கத்திலுள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. அணியின் பங்குதாரரான பாடகர் பிங் கிராஸ்பி, பதற்றம் தாங்காமல் ஆட்டத்தன்று பாரிஸுக்குப் போய்விட்டவர், தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவுசெய்யச் சொல்லியிருந்தார். அந்தச் சுருள் அவர் வீட்டு நிலவறையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கிடந்து, 2009இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை அந்த ஆட்டம் முழுமையாக வாழ்ந்தது ரசிகர்களின் நினைவிலும் வானொலிப் பதிவிலும்தான்.

கேள்வி: பந்து வேலியைத் தாண்டியதும் வெற்றி உறுதியாகிவிடுமா? அடித்தவர் ஓடாமல் நின்றுவிட்டால் என்னவாகும்?
– கல்லூரி மாணவி, பர்கூர்

பதில்: ஓடியே ஆக வேண்டும். நான்கு பேஸ்களையும் வரிசையாகத் தொட்டால்தான் அது ஹோம் ரன். 1999 அக்டோபர் 17 அன்று நியூயார்க் மெட்ஸின் ராபின் வெஞ்சுரா, அட்லாண்டாவுக்கு எதிராகப் பதினைந்தாவது இன்னிங்ஸில் பேஸ்கள் மூன்றும் நிறைந்திருக்கப் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். மகிழ்ச்சி மிகுதியில் சக வீரர்கள் அவரை இரண்டாவது பேஸை எட்டும் முன்பே தூக்கிக்கொண்டார்கள். விளைவு, நான்கு ரன்னுக்குப் பதில் ஒரே ஒரு ரன்; பதிவேட்டில் அது சாதாரண ஒற்றை அடியாகவே இருக்கிறது. வெற்றிக்கு ஒரு ரன் போதுமாயிருந்ததால் யாரும் கவலைப்படவில்லை.

1976 அக்டோபர் 14 அன்று யாங்கீஸின் கிறிஸ் சாம்ப்லிஸுக்கு நேர்ந்தது அதைவிடக் கடினம். அவர் பேஸ்களைச் சுற்றி முடிப்பதற்குள் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் களத்துக்குள் புகுந்துவிட்டார்கள். கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு ஓய்வறைக்கு ஓடிய அவரைப் பிறகு காவலர்கள் ஹோம் ப்ளேட் இருந்த இடத்துக்கு அழைத்து வந்து தொட வைத்தார்கள். அதற்குள் ப்ளேட்டை ரசிகர்கள் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கேள்வி: அடித்தவரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பந்து வீசியவரின் கதி என்ன? எனக்கு 1986இல் ஷார்ஜாவில் மியான்தாத் அடித்த சிக்ஸரும் சேத்தன் சர்மாவின் முகமும்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன.
– விவசாயி, பாலக்கோடு

பதில்: அந்த ஒரு பந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அடுத்த ஆண்டு நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அதே சேத்தன் சர்மாதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேஸ்பாலிலும் இதற்கு இணை உண்டு. மாஸெரோஸ்கிக்குப் பந்து வீசியவர் யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரி. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1962இல், மீண்டும் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் அவர் கடைசிவரை தாமே வீசி, சான் ஃபிரான்சிஸ்கோவை 1–0 என்று வீழ்த்தி, தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாம்சனுக்கு வீசிய ரால்ஃப் பிராங்காவின் கதை வேறு. ஜயண்ட்ஸ் அணியினர் அந்தப் பருவத்தில் மைதானத்தின் நடுப்புற அறையிலிருந்து தொலைநோக்கி வழியாக அடுத்து எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று எதிரணிக் கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) தம் வீச்சாளருக்குக் காட்டும் சைகைகளைப் பார்த்து, மின்மணி மூலம் தம் மட்டையாளர்களுக்குத் தெரிவித்துவந்தனர் என்பது 2001இல் ஒரு நாளிதழ் வழியாக உலகறிய வெளிவந்தது. ஆனால் பிராங்காவுக்கு 1950களிலேயே அது தெரியும். தெரிந்தும் பல பத்தாண்டுகள் அதைச் சாக்காகச் சொல்லாமல், தாம்சனோடு நட்புடன் மேடைகளில் அமர்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தமக்குச் சைகை கிடைக்கவில்லை என்று தாம்சன் சொன்னார். அந்த அடியின் புகழில் பாதி பிராங்காவின் பெருந்தன்மைக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வானொலியில் நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்தவன் நான். இந்த ஆட்டங்களின் வர்ணனையாளர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், அரூர்

பதில்: இரண்டு பேரைச் சொன்னால் போதும். 1951இல் ரஸ் ஹாட்ஜஸ், ஜயண்ட்ஸ் வென்றுவிட்டது என்ற ஒரே வாக்கியத்தைத் தொண்டை கிழியத் திரும்பத் திரும்பக் கூவினார். வானொலி நிலையங்கள் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைக்காத காலம் அது. அந்தக் குரல் இன்று நமக்குக் கிடைப்பது ஒரு ரசிகரின் வீட்டில் செய்த ஒலிப்பதிவால்தான். 1988இல் தொலைக்காட்சியில் வர்ணித்த வின் ஸ்கல்லி இதற்கு நேர் எதிர். பந்து போய்விட்டது என்று அறிவித்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஒரு சொல்லும் பேசாமல், கிப்சன் நொண்டியபடி சுற்றி வருவதையும் மக்களின் ஆரவாரத்தையும் மட்டும் கேட்க விட்டார். வாய் திறந்தபோது, நம்ப முடியாதவை நிகழ்ந்துவந்த ஆண்டில் நடக்கவே முடியாதது நடந்துவிட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவிகள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். இந்த ஆட்டங்களை இங்கிருந்து நேரலையில் பார்க்க எந்த நேரம் வாய்ப்பாக இருக்கும்?
– உடற்கல்வி ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: வேர்ல்டு சீரிஸ் அக்டோபர் பிற்பகுதியில் நடக்கும். அமெரிக்காவின் மாலை ஆட்டங்கள் நமக்குக் காலை ஐந்தரை மணிக்குச் சற்றுப் பிறகு தொடங்கும். பெரும்பாலானவை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்பதால், பள்ளி நாள்களில் முதல் பாதியையும் விடுமுறை நாள்களில் முழு ஆட்டத்தையும் மாணவிகள் பார்க்கலாம். கூடுதல் இன்னிங்ஸ் வந்துவிட்டால் மட்டும் நேரம் நம் கையில் இல்லை. 2025இல் டொராண்டோவுக்கு எதிராக டாட்ஜர்ஸ் ஆடிய மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் நீண்டு, நமது நேரப்படி நண்பகலைக் கடந்த பிறகு முடிந்தது. அதை முடித்ததும் ஃப்ரீமனின் ஹோம் ரன்தான்.