திட்டுவதற்காவது அவர் வேண்டும்

கேள்வி: என் கணவர் 17 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அத்தனை நாளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வேண்டினேன். போய்விட்டார், 8 மாதம் ஆகிறது. 'நல்லவர்களைத்தான் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்' என்கிறார்கள். எனக்கோ கும்பிடக் கை எழவில்லை. கோபம்தான் வருகிறது. இது பாவமா? 'அப்பாவைச் சாமி ஏன் கூட்டிக்கொண்டு போனார்?' என்று கேட்கும் 7 வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் ஆறுதல் அதிகமாக இருந்தது.

பாவமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர் என்று பெயர் வாங்கிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. கொடுத்த வாக்கை மீறியதற்கு வந்த தண்டனை அது என்கிறது பெரியபுராணம். அவர் பக்கம் தவறாவது இருந்தது; உங்கள் பக்கம் அதுவும் இல்லை. காஞ்சியில் ஒரு கண் திரும்பிய பிறகு, மற்றொன்றுக்காகத் திருவாரூரில் போய் நின்றவர் கெஞ்சவில்லை. உம் அடியார் 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று' துன்பத்தைச் சொன்னால் நீர் பேசாமல் இருக்கிறீர், நன்றாக 'வாழ்ந்து போதீரே' என்று திரும்பத் திரும்பப் பாடினார். கொழுந்துவிடாமல் உள்ளுக்குள்ளேயே கனல்கிற அந்த நெருப்பு உங்களுக்குத் தெரியும். அந்த வசவை யாரும் நீக்கிவிடவில்லை. ஏழாம் திருமுறையில் இருக்கிறது, சன்னிதியிலேயே பாடுகிறார்கள்.

விவிலியத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் 7 நாள், இரவும் பகலும், ஒன்றும் பேசாமல் அவருடன் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, கடவுள் சார்பில் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான், வழக்காடிய யோபுவை அல்ல. உங்கள் வீட்டுக்கு வந்து 'நல்லவர்களைத்தான்' என்று ஆரம்பிப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

என் மகள் போய் 11 ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய மூக்குக்கண்ணாடி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இடது வில்லையில் அவள் விரல் பட்ட கறை ஒன்று உண்டு, துடைக்கவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் நானும் கும்பிடவில்லை. ஒரு நாள் இரவு வேறு எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தேன், அது கையில் பட்டது. 'இப்போது திருப்திதானே?' என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, 'யாரிடம் பேசுகிறீர்கள்?' என்றாள். சொல்லத் தெரியவில்லை. ஆனால், யாரிடம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பழைய நம்பிக்கை அப்படியே திரும்பிவிட்டது என்றால் பொய். முன்பெல்லாம் வேண்டுதல் பட்டியல் வைத்திருப்பேன். இப்போது எதுவும் கேட்பதில்லை. பேசுகிறேன், அதிலும் பாதி குறைதான். உங்களுக்குக் கை எழவில்லையென்றால் எழ வேண்டாம். கோபத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

தூக்கமும் பசியும் இன்னும் திரும்பவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். பக்தி அதற்கு மருந்தல்ல.

மகளிடம், 'நல்லவர் என்பதால் கூட்டிக்கொண்டு போனார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவும் நல்லவள் என்பது அவளுக்குத் தெரியும். நடுராத்திரியில் எழுந்து, உங்களுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அப்பாவின் உடம்பு நோயைத் தாங்கவில்லை, மருத்துவர்கள் முயன்றும் முடியவில்லை என்று நடந்ததைச் சொல்லுங்கள். சாமி ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டால், 'எனக்கும் தெரியவில்லை கண்ணு, நானும் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அவளும் கேட்க வேண்டும் என்றால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.