605 போதுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. டர்பன் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை. மூன்று வருட பி.காம். படித்திருக்கிறேன். எம்.பி.ஏ. சேர ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதினேன்; 605 வந்தது. அண்ணன் 2015இல் வாங்கியது 690. வீட்டில் அதையே சொல்லிக் காட்டுகிறார்கள். மறுபடி எழுதட்டுமா?
(பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்)

பதில்: தங்கச்சி, அண்ணன் எழுதியது பழைய தேர்வு. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வுக்கு அளவுகோலே வேறு. பழைய 700க்கு நிகர் இன்று ஏறக்குறைய 645. வீட்டில் இதைச் சொல்லிவிடு.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மூன்று வருட பி.காம். தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் எம்.பி.ஏ. என்பது தேசியத் தகுதி வரிசையில் 9ஆம் படி. அதற்கு 8ஆம் படிப் படிப்பு கேட்பார்கள். பட்டத்துக்கு மேல் படிக்கும் ஆனர்ஸ் அல்லது முதுநிலை டிப்ளமா. உன் பட்டம் 7ஆம் படி. 705 வாங்கினாலும் அந்தக் குறை தீராது. வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்ப்பதும் உண்டு, ஆனால் இடம் குறைவு. ஒரு வருஷ டிப்ளமாவை முதலில் முடி. ஜிமேட் மதிப்பெண் 5 வருஷம் செல்லும், வீணாகாது.

நான் ஒரு வணிகப் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் பல வருஷம் இருந்தவள். மதிப்பெண்ணை வைத்து நாங்கள் பார்த்ததெல்லாம், இந்தப் பிள்ளை புள்ளியியல் வகுப்பில் திணறுமா என்பதைத்தான். நம்ம டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு தம்பியை மறக்கவே முடியாது. ரொட்டி வண்டிகளை மேற்பார்க்கும் வேலை, மதிப்பெண் சுமார்தான். எந்தக் கடையிலிருந்து எந்தக் கிழமை எத்தனை ரொட்டி திரும்பி வந்தது என்று எழுதிய நோட்டை மேஜையில் விரித்தார். ஓரமெல்லாம் மாவுக் கறை. செவ்வாய்க்கிழமை ஏற்றும் ரொட்டியைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் வாதாடி ஜெயித்த கதையைச் சொன்னார். அவரை எடுத்தோம். அதே நாளில் மிக நல்ல மதிப்பெண்ணோடு வந்த ஒருவருக்கு, தான் வேலை செய்யும் கடை எதில் லாபம் பார்க்கிறது என்றே சொல்லத் தெரியவில்லை.

சரி, மறுபடி எழுதுவதா? கணக்குப் பகுதி மட்டும் கீழே கிடந்தால் எழுது. அதில் கால்குலேட்டர் கிடையாது, கைக்கணக்குப் பழக்கம் வேண்டும். 16 நாள் கழித்தே மறுபடி எழுதலாம் என்றாலும் அவசரப்படாதே. மூன்று பகுதி மதிப்பெண்ணையும் தனித்தனியாக எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.