யூ-73: பார்க்காமலே மூழ்கடித்த கப்பல் – கேள்வி பதில்

முதல் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கண்ணிவெடி வைத்த படகுகளைப் பற்றியவை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த யூ-73ஐ வைத்தே பதில் சொல்கிறேன்.

நீர்மூழ்கிதான் டார்பிடோ சுடுமே, அதில் கண்ணிவெடியை ஏன் ஏற்றினார்கள்?

எதிரியின் துறைமுக வாசலுக்குச் சாதாரணக் கப்பலில் போய்க் கண்ணிவெடி போட முடியாது. பார்த்த உடனே சுட்டுவிடுவார்கள். நீர்மூழ்கியால் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுத் திரும்ப முடியும். டார்பிடோவுக்கு எதிரில் ஒரு கப்பல் வேண்டும். கண்ணிவெடி வாரக்கணக்கில் காத்திருக்கும். ஒரு கப்பலும் மோதாவிட்டாலும், வெடி இருக்கிறது என்று தெரிந்ததும் அதை அகற்றும் வரை துறைமுகத்தையே மூட வேண்டியிருக்கும்.

படகின் வடிவமைப்பைக் கொஞ்சம் விளக்க முடியுமா? எவ்வளவு பெரியது?

56.8 மீட்டர். நம் ரயில் பெட்டிகள் இரண்டரையை ஒட்ட வைத்த நீளம். யூ-71 முதல் யூ-80 வரை இந்த வகையில் 10 படகுகள். யூ-73ஐ டான்சிக் நகரத்து அரசுத் தளத்தில் கட்டினார்கள். நீர்மட்டத்தில் 755 டன், மூழ்கினால் 832 டன். மாலுமிகள் 32 பேர்.

இதன் வால் பகுதியைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு மீட்டர் விட்டத்தில் இரண்டு குழாய்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் உள்ளேயே, உலர்ந்த இடத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளி வந்து குழாய் வழியாகப் பின்னால் விடுவார்கள். இதே காலத்தில் வந்த சிறிய யூசி வகைப் படகுகளில், வெடிகள் கடல்நீர் புகும் சாய்ந்த குழாய்களில் இருந்தன. புறப்பட்ட பிறகு அவற்றைத் தொட முடியாது. எத்தனை மீட்டர் ஆழத்தில் மிதக்க வேண்டும் என்பதைக் கரையிலேயே முடிவு செய்தாக வேண்டும். யூ-73இல் அதைப் போய்ச் சேர்ந்த இடத்தில், கடலைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். என் பார்வையில் இந்த வடிவமைப்பின் பெரிய சாதனை இதுதான்.

இதற்கு வேகத்தைக் காவு கொடுத்தார்கள். இரண்டு டீசல் இன்ஜினும் சேர்ந்து 900 குதிரைத் திறன்தான். முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குப் பத்து கடல் மைல் சொச்சம். டார்பிடோ குழாய்கள் இரண்டும் உடலுக்கு வெளியே. ஜெர்மன் மாலுமிகளே இவற்றைக் 'கவலைப் பிள்ளைகள்' என்றார்கள். பத்தில் ஐந்து, போர்ப் பயணங்களில் மூழ்கிப்போயின.

தண்ணீருக்குள் கண்ணிவெடி ஒரே இடத்தில் எப்படி நிற்கிறது? மேலே மிதந்து வந்துவிடாதா?

அருமையான கேள்வி. வெடியும் அதன் நங்கூரமும் ஒன்றாகப் பூட்டியபடியே தரைக்குப் போய்ச் சேரும். நடுவில் தண்ணீரில் கரையும் ஓர் அடைப்பு இருக்கும். அது கரையக் கொஞ்ச நேரம் ஆகும்; அதற்குள் படகு விலகிவிடும். பிறகு பூட்டு திறந்து, வெடி கம்பியை இழுத்துக்கொண்டே மேலே ஏறும். குறித்த ஆழத்துக்கு வந்ததும் நீரழுத்தத்தை உணரும் கருவி கம்பியைப் பிடித்து நிறுத்திவிடும். நூல் கட்டிய பலூன் போல அது அங்கேயே நிற்கும்.

வெடியின் மேல் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஈயத்தால் ஆனவை. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பியில் அமிலக் கரைசல். கப்பல் இடித்தால் ஈயம் வளையும், குப்பி உடையும், கரைசல் கீழே இருக்கும் தகடுகளில் கொட்டும். அந்த நொடியில் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். அந்த மின்சாரம்தான் வெடிக்க வைக்கிறது. இடிபடும் வரை உள்ளே மின்சாரமே இல்லை என்பதால், மாதக்கணக்கில் கிடந்தாலும் வீரியம் குறையாது.

தங்கள் வெடியிலேயே மாட்டிக்கொண்ட படகு உண்டா?

உண்டு. யூசி-44 என்ற படகு 1917 ஆகஸ்டில் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு அருகே கண்ணிவெடியில் மூழ்கியது. தளபதி மட்டும் பிழைத்தார். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் படகையே மேலே தூக்கி ஆராய்ந்தார்கள்.

யூ-73 மத்தியதரைக் கடலில் முதலில் எதை மூழ்கடித்தது?

1916 ஏப்ரலில் குஸ்டாவ் சீஸ் என்ற தளபதியின் கீழ் ஜெர்மனியிலிருந்து கிளம்பி, ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தது. போகிற வழியிலேயே மால்டா துறைமுகத்துக்கு வெளியே வெடிகளைப் போட்டது. ஏப்ரல் 27 அன்று ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதில் மோதியது. சுமார் 125 பேர் இறந்தார்கள். நாஸ்டர்ஷியம் என்ற சிறு போர்க்கப்பலும், ஏகூசா என்ற உல்லாசக் கப்பலும் அதே வெடிகளுக்குப் பலியாயின. இலங்கை மலையகத்து நண்பர்களுக்கு ஒரு தகவல்: இந்த ஏகூசா, போருக்கு முன் 'எரின்' என்ற பெயரில் தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டனிடம் இருந்தது. ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்ன தோட்டத்தை வைத்திருந்த அதே லிப்டன்தான்.

டைட்டானிக்கின் தங்கைக் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. தப்பியவர்களில் சிலர் அப்படி நம்பினார்கள், அதனால் சர்ச்சை நீண்டது. 1916 அக்டோபர் 28 அன்று கிரேக்கத்தின் கீயா தீவுக்குப் பக்கத்துக் கால்வாயில் சீஸ் 12 கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனார். நவம்பர் 14 அன்று பிரெஞ்சுக் கப்பல் பூர்டிகலா அங்கே மூழ்கியது. 21ஆம் தேதி காலை 8:12க்கு, நீங்கள் கேட்ட தங்கைக் கப்பல் பிரிட்டானிக் வெடியில் மோதியது; அப்போது அது ஆஸ்பத்திரிக் கப்பல். 2003இல் போன ஆய்வுக் குழு, கடலடியில் கண்ணிவெடி நங்கூரங்களை சோனாரில் (ஒலியலையால் கடலடியைப் பார்க்கும் கருவி) கண்டது.

டைட்டானிக்குப் பிறகு தடுப்புச் சுவர்களை உயர்த்தி, இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய கப்பல், 55 நிமிடத்தில் மூழ்கியது. நோயாளிகளை ஏற்றும் முன் காற்றோட்டத்துக்காகச் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாய்ந்ததும் அவற்றின் வழியாகத் தண்ணீர் புகுந்தது. இருந்த 1,065 பேரில் இறந்தவர்கள் 30 பேர். அவர்களில் பலர் வெடியில் சாகவில்லை. கேப்டன் பார்ட்லெட் கப்பலைக் கரையேற்ற இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தபோது, உத்தரவு வருவதற்கு முன்பே இறக்கிய இரண்டு உயிர்காப்புப் படகுகள் கப்பலை உந்தும் சுழல்விசிறியில் சிக்கின. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

ஆஸ்பத்திரிக் கப்பலைத் தாக்குவது போர்க் குற்றம் இல்லையா?

தெரிந்தே தாக்கினால் குற்றம். ஆனால் கண்ணிவெடிக்குச் சிலுவைச் சின்னம் தெரியாது. பிரிட்டானிக் மூழ்கியபோது வெடி போட்டு 24 நாள் ஆகியிருந்தது. அதைப் போட்டவர்கள் அந்தக் கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இந்த ஆயுதத்தை நான் டார்பிடோவைவிடக் கொடியது என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

யூ-73 கடைசியில் என்ன ஆயிற்று? அதில் இருந்தவர்கள்?

1918 அக்டோபர் இறுதியில் ஆஸ்திரியப் பேரரசு சரிந்தபோது, அதன் போலா துறைமுகத்தில் ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். சீஸ் போரில் பிழைத்தார். 1916இல் அதில் மத்தியதரைக் கடலுக்கு வந்த இளம் அதிகாரி ஒருவரைப் பலருக்கும் தெரிந்திருக்கும்: மார்ட்டின் நீமோல்லர். 1918இல் யூசி-67 என்ற இன்னொரு கண்ணிவெடிப் படகுக்கு அவரே தளபதி ஆனார். பிறகு பாதிரியார். 1937இல் ஹிட்லர் அரசு அவரைக் கைது செய்தது. 1945 வரை ஜாக்சன்ஹவுசன், டாக்காவ் வதைமுகாம்களில் இருந்தார். வெளியே வந்தபின் போரே கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார்.