ராத்திரி ஒரு மணிக்கு போன் அடித்தால் வீடே விழித்துக்கொள்கிறது

வாசகர் கடிதம்

அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. கிருஷ்ணகிரியில் நடமாடும் வண்டி மெக்கானிக்காக இருக்கிறேன். கடை கிடையாது. ஆம்னி வேனில் டூல்ஸை ஏற்றிக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்கே போய் வேலை பார்ப்பேன். பர்கூர், சூளகிரி, காவேரிப்பட்டினம், சில நாள் தொப்பூர் கணவாய் வரைக்கும் போக வேண்டி வரும். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், டிராவல்ஸ் கார்கள்தான் அதிகம்.

தொழிலில் குறை இல்லை, வீட்டில்தான் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைக்குப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பேன். காலையில் போன் வரும், கிளம்பிவிடுவேன். நான்காவது படிக்கும் மகன் இப்போதெல்லாம் எங்கும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்பதே இல்லை. ராத்திரி நான் கிளம்பினால், திரும்பி வரும்வரை மனைவி தூங்குவதில்லை. "நீங்க ரோட்டுல நிக்கறவங்களுக்குத்தான் சொந்தம்" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டாள். வேலை முடித்து வந்தாலும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை, அதற்காகக் கொஞ்சம் குடிக்கிறேன். மறுநாள் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். போனை எடுக்காவிட்டால் கஸ்டமர் வேறு ஆளிடம் போய்விடுவார். வேனுக்குத் தவணை கட்ட வேண்டும். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் மகனுக்குக் கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். கேட்டால் ஏமாற்றம் வரும் என்று பழகிக்கொண்டான். அப்பா வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்பதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். எப்போது இருப்பார் என்றே தெரியாமல் இருப்பதுதான் அவர்களை வாட்டும். எனவே ஞாயிறு முழுக்கத் தருகிறேன் என்று இனி வாக்குக் கொடுக்காதீர்கள். வாரத்தில் மூன்று மாலை, ஏழரையிலிருந்து ஒன்பது வரை போதும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை எதற்காகவும் உடைக்கக் கூடாது.

அந்த நேரத்தில் போனை அணைத்து வைக்கச் சொல்லவில்லை. உங்களைப் போலவே தொழில் செய்யும், நம்பிக்கையான ஒருவருக்குக் கால் ஃபார்வர்டு போட்டுவிடுங்கள். அவருடைய மூன்று மாலைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கை முதலிலேயே பேசிவிட வேண்டும்: விசிட்டிங் சார்ஜும் அன்றைய கூலியும் போனவருக்கு, அடுத்த சர்வீஸ் பழைய மெக்கானிக்குக்கே. இதைப் பேசாமல் ஆரம்பிக்கும் கூட்டு ஒரு மாதம் தாங்காது. கஸ்டமர் போய்விடுவார் என்ற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில்.

அடுத்தது தூரம். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூருக்குப் போய்வரவே இரண்டரை மணி நேரம் போய்விடும், அதன் பிறகுதான் வேலை நேரம். இரவு எட்டுக்கு மேல் 25 கிலோமீட்டருக்குள் மட்டும் போவது என்று எல்லை வையுங்கள். தொப்பூர் அழைப்பைத் தர்மபுரி மெக்கானிக்குக்குத் தள்ளுங்கள். கிளட்ச் பிளேட் மாதிரி அரை நாள் வேலையை இரவில் ரோட்டோரம் தொடவே வேண்டாம். வண்டியை டோ பண்ணி ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காலையில் பாருங்கள்.

இரவு வரும் எல்லா அழைப்புக்கும் எழுந்து போக வேண்டிய அவசியமும் இல்லை. போனிலேயே கேளுங்கள். செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் லூஸாக இருக்கலாம். டெர்மினலை டிரைவரே இறுக்கிப் பார்க்கட்டும், அதிலேயே சில இரவுகள் உங்களுக்கு மிச்சமாகும். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் டீசல் ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று, ஃபியூஸ் என்று யோசித்து அதற்கான சாமானோடு கிளம்பலாம். டெம்பரேச்சர் முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். இடத்துக்கு வாட்ஸ்அப் லொகேஷன், விசிட்டிங் சார்ஜுக்கு ஜிபே முன்பணம், இரண்டும் வந்த பிறகுதான் வேனை எடுப்பது. முன்பணம் கேட்டதும் பாதிப் பேர் "காலையில வாங்கண்ணே" என்பார்கள். அவர்களுக்கு அவசரம் அவ்வளவுதான்.

வீட்டு நேரத்தை அதிகம் தின்பது முதல் பயணம் அல்ல, அதே வண்டிக்குப் போகும் இரண்டாவது பயணம். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டு வந்து படுப்பீர்கள். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யாத வண்டி கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றுவிடும். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.6-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, அந்த வண்டியை நீண்ட தூரம் அனுப்பாதீர்கள். இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நீங்கள் அதிகம் பார்க்கும் ஏஸுக்கும் பொலேரோவுக்கும் ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், ஃபியூஸ், ரிலே, கூலன்ட் எப்போதும் வேனில் இருக்கட்டும். ராத்திரியில் ஸ்பேர் கடை திறந்திருக்காது. ஒரு பெல்ட் இல்லாததால் மறுநாள் காலையும் சேர்ந்து போய்விடும்.

மே, ஜூனில் மாங்காய் லோடு ஏற்றும் பிக்கப்புகள் உங்களை விடாது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பங்குனியிலேயே வீட்டில் உட்கார்ந்து, "இந்த இரண்டு மாதம் இப்படித்தான் இருக்கும், ஜூலையில் இன்ன இரண்டு நாள் உங்களுக்கு" என்று தேதி சொல்லிவிடுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கு வண்டிகள் நிற்பதும் அதிகம்.

உங்கள் மனைவி சொன்ன வார்த்தை கோபம் மாதிரித் தெரிந்தாலும், அதற்குள் இருப்பது பயம். நெடுஞ்சாலையில் இருட்டில் குனிந்து வேலை செய்யும் கணவருக்காக விழித்திருக்கிறார். கிளம்பும்போது லைவ் லொகேஷன் அனுப்புங்கள். ஒளிரும் ஜாக்கெட் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். வண்டி நடு லேனில் நின்றிருந்தால் கை வைக்காமல் 1033-ஐ அழையுங்கள், அது நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். இதையெல்லாம் செய்கிறீர்கள் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு முறை வேனைத் திறந்து காட்டுங்கள்.

குடியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மறுநாள் வரும் எரிச்சலில் பாதி அதனால்தான். இரவு வேலை முடிந்து வந்தால் டீ வேண்டாம். வெந்நீரில் குளித்து, ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டு, போனை வேறு அறையில் வைத்துப் படுங்கள். மறுநாள் முதல் வேலையைப் பத்து மணிக்கு மேல் தள்ளுங்கள். தினமும் குடித்துப் பழகியிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், படபடப்பு வரக்கூடும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் குறையுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.