32 கணிப்புகளும் லூப் ரோடும்

கேள்வி: ‘2036: விளையாட்டு, அரசியல், இசை’ என்று 32 நகைச்சுவைக் கணிப்புகள் எழுதி அனுப்பினேன். ஒன்றைக்கூடப் போடாமல் திருப்பிவிட்டீர்கள். சிரிக்கத் தெரியாத பத்திரிகையா உங்களுடையது?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்-3

பதில்: சிரித்தோம் ஐயா, நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஏற்காடு லூப் ரோடும் 32 கிலோமீட்டர்தான். காபித் தோட்டமெல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். உங்கள் பட்டியலும் 2036-க்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பழைய பேப்பர் கடை வாசலில் இறங்குகிறது.

‘மறைந்த பாடகர்கள் புதுப் படத்தில் பாடுவார்கள்’ என்கிறீர்கள். 2024-லேயே பாடிவிட்டார்கள். ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏ.ஆர்.ரகுமான் மீட்டெடுத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்து.

‘ஒரே தொகுதியில் ஆயிரம் பேர் நிற்பார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டிவரும்.’ 1996, மொடக்குறிச்சி. 1,033 வேட்பாளர்கள், புத்தகம் போலவே வாக்குச்சீட்டு. ஈரோடு தாண்டினால் வருகிற ஊர்தான். சட்டமன்றத்துக்கு டெபாசிட் அப்போது 250 ரூபாய், இன்று 10,000. ஆகவே இனிமேல் ஆயிரம் பேரை நிறுத்துவதானால், டெபாசிட் தொகை ஒரு கோடிக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கேதான் சிரிப்பு இருக்கிறது.

‘பழைய கட்சி ஒன்று மாநாடு கூட்டிப் பெயரை மாற்றிக்கொள்ளும்.’ 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சியாக உள்ளே போனவர்கள் திராவிடர் கழகமாக வெளியே வந்தார்கள். ஊர்: சேலம். இதை அம்மாப்பேட்டையிலிருந்தா ஐயா கணிப்பது?

‘வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன சேலத்துப் பையன், மூன்று வகை ஆட்டமும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்புவான்.’ சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். ‘இன்னொருவன் வரிசையாக மூன்று உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்குவான்.’ பெரியவடகம்பட்டி மாரியப்பன், பாராலிம்பிக் உயரம் தாண்டுதல்: 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். இதை நகைச்சுவை என்று அனுப்பியதில் மட்டும் கொஞ்சம் கோபமே வந்தது.

அடுத்து, நாள்காட்டி. 2035-ல் கோடைக்கால ஒலிம்பிக் நடத்துகிறீர்கள். நான்கால் வகுபடாத ஆண்டில் அதை நடத்தவைக்க ஒரு கொரோனா வேண்டியிருந்தது. 2036-ல் மக்களவைத் தேர்தல் என்கிறீர்கள். 2024-க்குப் பின் ஐந்தைந்தாகக் கூட்டினால் 2029, 2034. முறை தவறாமல் போனால் 2036-ல் வருவது சட்டமன்றத் தேர்தல். கிரிக்கெட் ஒலிம்பிக்கில் நுழைவதும் புதுசில்லை. 1900-ல் பாரிஸில் ஆடியிருக்கிறார்கள், 2028 லாஸ் ஏஞ்சலீஸில் மறுபடி ஆடப்போகிறார்கள்.

மிச்சமிருப்பவை ‘சிக்ஸருக்கு 12 ரன்’, ‘கட்சித் தாவல் பெருகும்’ ரகம். எண்ணைப் பெரிதாக்கினால் எண்தான் பெரிதாகும். நடப்பில் உள்ள ஒரு விதியை எடுங்கள், அதன் எண்ணில் கைவைக்காதீர்கள், விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவரை நகர்த்திவிட்டு வேறொருவரை உட்காரவையுங்கள். ஐபிஎல்லில் 2023 முதல் ‘இம்பாக்ட் பிளேயர்’ உண்டு. ஐந்து மாற்று ஆட்களின் பெயரைக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒருவரை இறக்கலாம். அதே ஐந்தை வாழப்பாடி மைதானத்துக் காலரிக்குக் கொண்டுபோங்கள்: பத்து ஓவருக்குள் கை தட்டாத ரசிகரை எழுப்பி அனுப்பிவிட்டு, வெளியே வெயிலில் காத்திருக்கும் ஐவரில் ஒருவரை உட்காரவைப்பார்கள். டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காது.

தாவலுக்கும் அதே வழிதான். பொத்தானை அழுத்தியதும் வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு, விவிபேட் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டியில் விழும். 2036-ல் சீட்டு விழுவதற்குள் அவர் கட்சி மாறியிருப்பார். 7 என்ற எண்தான் இதைத் தாங்குகிறது. ‘சில விநாடிகளில்’ என்று எழுதிப் பாருங்கள், செத்துவிடும்.

இசையில்தான் நல்ல விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைவிட்டீர்கள். ‘ஏற்காடு கோடை விழாவில் மறைந்த பாடகரின் ஒளியுருவம் பாடும்’, அதோடு முற்றுப்புள்ளி. இது அழைப்பிதழ் ஐயா, நகைச்சுவை இல்லை. அந்த உருவம் எப்படி வருகிறது என்று பார்த்தீர்களா? மேடையில் 45 டிகிரி சாய்வாக ஒரு மெல்லிய கண்ணாடித் தாளை இழுத்துக் கட்டுவார்கள். மறைவிலிருந்து பாய்ச்சும் படம் அதில் பிரதிபலித்து, ஆள் நிற்பதுபோல் தெரியும். அரங்கு இருட்டாக இருக்க வேண்டும், தாள் தம்புரா தந்திபோல் விறைப்பாக நிற்க வேண்டும். இதை ஏரிக்கரையில் திறந்த மேடையில் கட்டினால்? காற்றடித்தால் தாள் உப்பும். பல்லவியில் ஒல்லியாக இருந்தவர் சரணத்தில் பருத்துவிடுவார். இடுப்பு ஆட்டத்தை அபிநயம் என்று நினைத்து முன்வரிசை ‘ஆகா’ போடும். பஜ்ஜிக் கடை டியூப்லைட் எரிந்தால் ஆள் பாதி கரைவார். மூடுபனி இறங்கினால் ஒளிக்கற்றை பனியிலேயே தெரியும். பாடகரைவிட அவர் வருகிற வழி பளிச்சென்று இருக்கும். மின்சாரம் போனால் தபேலாக்காரர் மட்டும் மிஞ்சுவார், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதால். இத்தனையையும் ஒரு முற்றுப்புள்ளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்களே.

கடைசியாக, 32-வது. ‘2036-ல் உங்கள் பத்திரிகையே இருக்காது’ என்று கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் குறை சொல்ல முடியாத கணிப்பு உங்கள் பட்டியலில் அது ஒன்றுதான். மற்ற 31-ஐத் திருப்பினோம், அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தால் அடுத்த இதழில் போடுகிறோம்.