துப்பாக்கி இருந்தும் முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கென்று தனி ஆயுதங்கள் ஏன் தேவைப்பட்டன?

இடம் போதவில்லை, அதுதான் முதல் காரணம். பிரிட்டிஷ் சிப்பாயின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் 1.13 மீட்டர் நீளம். பயோனெட்டையும் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) மாட்டினால் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். வளைந்து வளைந்து போகும் குறுகலான குழிக்குள் அதைத் திருப்பவே முடியாது. அதனால் இரவுத் தாக்குதலுக்குப் போனவர்கள் ஆணி அடித்த தடி, கத்தி, கூர்தீட்டிய மண்வெட்டி என்று கிளம்பினார்கள். கிட்டத்தட்ட கற்காலம்தான்!

இரண்டாவது, எதிரி தரைக்குக் கீழே இருக்கிறான். நேராகச் சுட்டால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். மேலிருந்து எதையாவது உள்ளே போட வேண்டும். கையெறி குண்டு தட்டுப்பாடாக இருந்ததால் சிப்பாய்களே காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் திணித்து, திரியைப் பற்றவைத்து வீசினார்கள். மழையில் திரி நமத்துப்போனால் அவ்வளவுதான். 1915-இல் மில்ஸ் என்ற கையெறி குண்டும், குண்டை மேல்நோக்கி வீசி எதிரியின் குழிக்குள் விழவைக்கும் ஸ்டோக்ஸ் மோர்ட்டார் என்ற குழாயும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

குழிகளுக்கு முன்னால் இருந்த முள்வேலியைத் தகர்த்த குழாய் வெடிக்குப் பெயர் ‘பெங்களூர் டார்பிடோ’. பெயர் சும்மா வரவில்லை: 1912-இல் அதை உருவாக்கிய மெக்ளின்டாக், பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரி.