டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்

வணக்கம் ஐயா,

என் மகன் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஆட்டிசம் என்று மருத்துவர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அரசுச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. “எங்களிடம் வசதி இல்லை, நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்கிறது பள்ளி. அமெரிக்காவில் இருப்பதுபோல ஐ.இ.பி. (ஒரு பிள்ளைக்கென்றே எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

எழுதிக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நீக்க முடியாது என்பதால்தான் ‘பெற்றோரே விரும்பி அழைத்துப் போனார்கள்’ என்று பதிவேட்டில் காட்டப் பார்க்கிறார்கள். ஆனால் அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா என்று முதலில் விசாரியுங்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இல் வரும் 16ஆம் பிரிவு வேறு. (இரண்டிலும் எண் ஒன்றே, மனுவில் சட்டத்தின் பெயரை விட்டுவிட்டால் குழப்பம்தான்.) அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிகளும் அதில் அடங்கும். பாகுபாடின்றிச் சேர்ப்பது, அந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்வது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது எல்லாம் அதில் உண்டு. பலவீனம் எங்கே என்றால், பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு ‘முயல வேண்டும்’ என்றுதான் வாசகம். பொறுப்பு அரசின் தலையில் இருக்கிறது. ஆகவே கடிதம் பள்ளியோடு நின்றால் போதாது, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் போக வேண்டும்.

சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தரும் 31ஆம் பிரிவுக்குத்தான் அது தேவை. 16ஆம் பிரிவில் சதவீதப் பேச்சே கிடையாது. இருந்தாலும் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், பின்னால் தேர்வுச் சலுகைகளுக்குக் கேட்பார்கள்.

ஐ.இ.பி. என்ற சொல் நம் சட்டத்தில் இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் “அப்படி விதி இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளடக்கத்தைக் கேளுங்கள். ‘தனிக் கவனம் தேவை’ என்று எழுதுவது வீண். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. இரைச்சல் தாங்காதபோது 10 நிமிடம் வெளியே இருக்க அனுமதி. கால அட்டவணை மாறினால் முதல் நாளே தகவல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்துப்பூர்வ மதிப்பீடு. இப்படி எண்ணிச் சரிபார்க்கக்கூடியவையாக நான்கைந்து போதும். மருத்துவர் அறிக்கையில் இவை பரிந்துரையாக இருந்தால் மறுப்பது கடினம். இல்லையென்றால் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால், ஒப்படைத்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபால். பள்ளி முதல்வர் வாயால் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலாக அவருக்கே அனுப்புங்கள்: “இன்று காலை நீங்கள் கூறியது இது, தவறிருந்தால் திருத்தவும்.” பதில் வராவிட்டாலும் அது ஆவணம்தான். கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். பிறகு பேச்செல்லாம் பாக்கியைப் பற்றியே இருக்கும்.

15 நாள் பார்த்துவிட்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு. தேதிவாரியாக இரண்டு பக்கம், இணைப்புகளுக்கு எண். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். அதைப் பெறும் அதிகார அமைப்பு என்ன செய்தது என்று மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் சொத்தையாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட அதுவே கைகொடுக்கும்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அதன் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.